வெளிநாட்டில் போன் செலவைக் குறைக்க: ஊர் சிம் ஓடிபிக்கு, நெட்டுக்கு வேறு சிம்

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே காசு போய்விட்டது என்று சொல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அவர்கள் யாருக்கும் போன் செய்திருக்க மாட்டார்கள். ஏரோபிளேன் மோடை எடுத்ததும் போன் அங்குள்ள டவரைப் பிடிக்கிறது, வழியெல்லாம் தேங்கிக் கிடந்த வாட்ஸ்அப் வீடியோக்களை இறக்குகிறது, போட்டோக்களை பேக்கப்புக்கு ஏற்றுகிறது, ஆப்களை அப்டேட் செய்கிறது. ஊர் சிம்மை வெளிநாட்டு நெட்வொர்க்கில் ஓட்டுவதுதான் ரோமிங், அதற்கென்று பேக் போடாவிட்டால் இதெல்லாம் எம்பிக்கு இவ்வளவு என்று கணக்காகும். போஸ்ட்பெய்டு என்றால் ஊருக்கு வந்து பில்லைப் பார்க்கும்போதுதான் தெரியும்.

அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான். ஊர் சிம் போனிலேயே இருக்கட்டும், ஆனால் அது ஓடிபி வாங்க மட்டும். நெட்டுக்கு வேறு சிம். இந்தப் பிரிவினையைக் கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டு வைஃபையில் உட்கார்ந்து செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஊர் சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்துவிடுவது மிச்சம் பிடிக்கிற வழி மாதிரித் தெரியும், செய்யாதீர்கள். பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும், யுபிஐ ஆப்களும் அந்த சிம்மை நம்பித்தான் இயங்குகின்றன. ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு நம்மூர் நிறுவனங்கள் பொதுவாகக் காசு எடுப்பதில்லை. ஆனால் இன்டர்நேஷனல் ரோமிங் வசதி முன்பே ஆன் ஆகியிருக்க வேண்டும், ரீசார்ஜ் வேலிடிட்டியும் திரும்பி வரும் தேதியைத் தாண்டி இருக்க வேண்டும். சில பிளான்களில் இதற்கென்று ஒரு சின்ன ரீசார்ஜ் கேட்பார்கள், அதை இங்கிருந்தே போட்டுவிடுங்கள். பிள்ளைகளைப் பார்க்க அப்பா அம்மா ஆறு மாதம் அமெரிக்கா போகிறார்கள் என்றால் நீண்ட நாள் வேலிடிட்டி உள்ள ரீசார்ஜே நல்லது, நடுவில் அது முடிந்தால் பென்ஷன் அக்கவுன்ட்டுக்குள்கூட நுழைய முடியாமல் தவிப்பார்கள்.

உள்ளே வரும் எஸ்எம்எஸ் இலவசம் என்றாலும் கால் அப்படியில்லை. ரோமிங்கில் உள்ளே வரும் காலை எடுத்தாலே நிமிடத்துக்குக் காசு. எடுக்காமல் விட்டு, வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடுங்கள், வீட்டிலும் முன்கூட்டியே அப்படிச் சொல்லி வையுங்கள். எடுக்காத காலை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் ஃபார்வர்டிங் போட்டிருந்தால் அதற்கும் காசு பிடிக்கலாம், ஊரில் இருக்கும்போதே ##002# அடித்து எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுங்கள். போனில் சேமித்த நம்பர்களுக்கு முன்னால் +91 இருக்கிறதா என்றும் பாருங்கள். பேங்கின் 1800 நம்பரை வெளிநாட்டிலிருந்து நம்ப முடியாது, அவர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கென்று தரும் சாதாரண நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், கார்டு தொலைந்த ராத்திரியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்தது செட்டிங்ஸ், பலர் கோட்டை விடும் இடம் இது. ஊர் சிம்மில் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்யுங்கள், எஸ்எம்எஸ் வருவதை இது தடுக்காது. இரண்டு சிம் உள்ள ஐபோனில், ஒன்றில் சிக்னல் இல்லாவிட்டால் இன்னொன்றின் டேட்டாவுக்குத் தானாக மாறும் ஒரு வசதி செல்லுலார் டேட்டா பகுதிக்குள் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே போன்ற ஆட்டோ ஸ்விட்ச் உண்டு. நீங்கள் உள்ளூர் சிம் போட்டு நிம்மதியாக இருப்பீர்கள், அது ரயிலில் சுரங்கத்துக்குள் போகும்போது ஊர் சிம்முக்குத் தாவப் பார்க்கும். ஐபோனில் வைஃபை அசிஸ்ட் என்று இன்னொன்றும் இருக்கிறது, வைஃபை மந்தமானால் அது மொபைல் டேட்டாவை எடுத்துக்கொள்ளும், அதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ரோமிங்கின்போது எதையும் தானாக இறக்காதே என்று வைத்துவிடுங்கள். புது சிம் போட்டதும் நம்பரை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நெட்டுக்கு எந்த சிம்? இரண்டு மூன்று நாள் வேலையாகப் போய் வருபவர்களுக்கு நம்மூர் நிறுவனத்தின் ரோமிங் பேக்கே போதும், அலைச்சல் மிச்சம், அப்போது மட்டும் ஊர் சிம்மில் டேட்டா ரோமிங் ஆன் இருக்கட்டும். ஆனால் நீங்கள் போகும் நாடு அந்தப் பேக்கில் இருக்கிறதா, ஒரு நாள் என்பது 24 மணி நேரமா அல்லது நள்ளிரவோடு முடிகிறதா என்று படித்துவிட்டுப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் அங்கேயே சிம் வாங்குவதுதான் என் தேர்வு. சாங்கி விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி சிங்டெல், ஸ்டார்ஹப் போன்றவற்றின் சுற்றுலா சிம் வாங்கலாம், மலேசியாவில் ஹாட்லிங்க், செல்காம்டிஜி, யு மொபைல் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாலம் தாண்டி மலேசியாவும் போவதாக இருந்தால், இரண்டு நாட்டிலும் நெட் தரும் சிம்மாகக் கேட்டு வாங்குங்கள்.

இ-சிம், அதாவது கார்டு இல்லாமல் கியூஆர் கோடு வழியாகப் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம், அதை ஏற்கும் போன் இருந்தால் கவுன்டருக்கே போக வேண்டாம், வீட்டிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். ஒரு விஷயம், அனுமதி இல்லாமல் வெளிநாட்டு சிம் விற்கிறார்கள் என்று 2024 ஜனவரியில் ஏரலோ, ஹோலாஃப்ளை ஆப்களை இந்தியாவில் அரசு தடுத்தது. அதனால் இங்கே அனுமதியோடு விற்பவர்களிடமோ, அங்கே போய் இறங்கிய பிறகோ வாங்குங்கள். பயண இ-சிம்கள் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும்தான், பேச நம்பர் வராது. அவற்றில் பலவற்றுக்கு டேட்டா ரோமிங் ஆன் செய்திருந்தால்தான் நெட் வரும், ஆகவே ஊர் சிம்மில் ஆஃப், இ-சிம்மில் ஆன், இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பயணம் முடியும்வரை இ-சிம்மை டெலீட் செய்யாதீர்கள், அதே கியூஆர் கோடை மறுபடி ஏற்ற முடியாமல் போகலாம்.

குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு சிம் தேவையில்லை, ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டால் மற்றவர்களுக்கும் ஆகும். இருந்தாலும் இரண்டு பேரிடமாவது சிம் இருக்கட்டும். தைப்பூசத்தன்று பத்துமலையில் கூட்டம் பிரித்துவிட்டால் ஹாட்ஸ்பாட் வைத்திருப்பவர் எந்தப் படியில் நிற்கிறாரோ யாருக்குத் தெரியும்.

கூகுள் மேப்பில் போகிற ஊரை முன்பே இறக்கி வைத்தால் நெட் இல்லாமலும் வழி காட்டும், ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம். கூகுள் டிரான்ஸ்லேட்டிலும் தமிழையும் அந்த நாட்டு மொழியையும் இப்படியே இறக்கிக்கொள்ளலாம்.

நாட்டுக்கு நாடு சில சிக்கல் உண்டு. துபாயில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், கால் போகாது, அங்கே போட்டிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்கள்தான், அதை வீட்டில் இருப்பவர் போனிலும் முன்பே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் ஒரு நாட்டு சிம்மை மற்ற உறுப்பு நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம், பாரிஸில் வாங்கியது ரோமிலும் ஓடும். சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் இந்த ஏற்பாட்டில் இல்லை, நம்மவர்கள் போகும் டூரில் சுவிஸ் கட்டாயம் இருக்கும் என்பதால் அதுவும் சேர்ந்த பிளானா என்று கேட்டே வாங்குங்கள்.

எல்லைப் பக்கமும் கவனம். தனுஷ்கோடியில் நின்றாலே சில நேரம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கும், மலேசியாவின் ஜொகூர் பாருவிலும் அதற்கெதிரே சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலும் இப்படித்தான் பக்கத்து நாட்டு நெட்வொர்க்கைப் பிடிக்கும். அங்கெல்லாம் நெட்வொர்க்கை ஆட்டோவில் விடாமல் நீங்களே தேர்ந்தெடுங்கள். சொகுசுக் கப்பலிலும் விமானத்திலும் சாட்டிலைட் வழியாக வரும் நெட்வொர்க்குக்குக் கட்டணம் மிக அதிகம், சாதாரண ரோமிங் பேக் அங்கே செல்லாமல் போகலாம், ஏறியதும் ஏரோபிளேன் மோடு போட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் டேட்டாவை ஊர் சிம்முக்கு மாற்றி, ரோமிங் பேக் தானாகப் புதுப்பிக்கும்படி இருந்தால் நிறுத்துங்கள். வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து கணக்கு வர நாளாகும் என்பதால் போஸ்ட்பெய்டுக்காரர்கள் அடுத்த இரண்டு பில்லையாவது வரி வரியாகப் பாருங்கள். பேக் போட்ட எஸ்எம்எஸ்ஸை அதுவரை அழிக்க வேண்டாம், தப்பாகக் காசு பிடித்திருந்தால் கேட்பதற்கு அதுதான் ஆதாரம்.