தேதி இல்லாத பற்று: தலைவர்களின் பழைய தொடர்புகளை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

தேர்தல் நெருங்கினால் போதும், எங்கள் பங்காளி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அறுபதாம் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே வேறு மாதிரிப் படங்களும் வந்து விழ ஆரம்பித்துவிடும். போன முறை வந்தது இது: வேட்பாளர் ஒருவர் மேடையில் நிற்கிறார், பின்னால் ஒரு கொடி, கீழே "தடை செய்யப்பட்ட இயக்கத்தின் ஆள் இவர், பரப்புங்கள்" என்று சிவப்பு எழுத்து. அனுப்பியவர் தேவகோட்டைச் சித்தப்பா. பத்து நிமிஷத்துக்குள் குழுவில் பாதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். காரைக்குடியில் கல்லூரியில் படிக்கும் என் மகள் மட்டும் கேட்டாள்: "ஐயா, இது எந்த வருஷத்துப் படம்?"

அதற்குச் சித்தப்பாவிடம் பதில் இல்லை.

என் அப்பச்சி, அதாவது அப்பா, பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, மேலாளுக்கு உதவியாக இருந்தவர். பேரேட்டில் தேதி போடாமல் ஒரு பற்று எழுதியிருந்தால், தொகை சரியாகவே இருந்தாலும் மேலாள் அதை ஒத்துக்கொள்ள மாட்டாராம். என்றைக்குக் கொடுத்தது என்று தெரியாத பணத்துக்கு வட்டி எப்படிப் போடுவது? அரசியல்வாதிகளின் பழைய தொடர்புகளைப் பற்றி நாம் பேசுவதில் பெரும்பாலானவை இப்படித் தேதி இல்லாத பற்றுகள்தான்.

முதல் தவறு அதுவே. ஓர் அமைப்பு இன்று என்னவாக இருக்கிறது என்பதை வைத்து, அன்றைக்கு அதனோடு நின்றவரை அளக்கிறோம். விடுதலைப் புலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் நடுவில் ஈழப் போராளிகளுக்கு இந்தியாவிலேயே பயிற்சி நடந்தது, எம்.ஜி.ஆர். வெளிப்படையாகவே ஆதரவு காட்டினார். அன்று அவர்களோடு மேடையில் நிற்காத கட்சிக்காரர் தமிழ்நாட்டில் குறைவு. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992 மே மாதம் தடை வந்தது. 1986-இல் நிதி திரட்டியவரும் 1996-இல் நிதி திரட்டியவரும் செய்த வேலை ஒன்றாகத் தெரியலாம். நடுவில் ஒரு கொலையும் ஒரு சட்டமும் இருக்கின்றன.

இது ஒரு பக்கத்துக்கு மட்டும் சொல்லும் சமாதானம் இல்லை. ஆர்.எஸ்.எஸ். 1948, 1975, 1992 என்று மூன்று முறை தடை செய்யப்பட்டது; மூன்று முறையும் தடை விலக்கப்பட்டது. பாப்புலர் ஃபிரண்ட் அமைப்பின் மீது 2022 செப்டம்பர் 28-இல் ஐந்து வருஷத் தடை விழுந்தது. 2018-இல் தமிழ்நாட்டில் அதன் கூட்டத்துக்குப் போனவர் தடையை மீறியவர் ஆக மாட்டார்.

எங்கள் பக்கத்து உதாரணமே ஒன்று உண்டு. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற வழியில் சிராவயல் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு மஞ்சுவிரட்டு ஊர். அங்கே ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த இளைஞரைத்தான் 1927-இல் காந்தி வந்து பார்த்தார். அந்த இளைஞர் ஜீவா. பின்னாளில் அவருடைய கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது, அவர் தலைமறைவாக இருந்தார், 1952 தேர்தலில் வண்ணாரப்பேட்டையில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார். அன்றைக்கு வாட்ஸ்அப் இருந்திருந்தால் அவர் படத்துக்குக் கீழும் அதே சிவப்பு எழுத்துதான் வந்திருக்கும்.

தேதியைப் பார்ப்பது ஒருவரைத் தப்பவிடுவதற்கு மட்டுமே உதவும் என்று நினைக்க வேண்டாம். சில சமயம் கணக்கு மோசமாகவும் மாறும். "விவரம் தெரியாத வயதில் சேர்ந்தேன்" என்பவர், அந்த அமைப்பு ஆள் கொன்ற செய்தி பத்திரிகையில் வந்த பிறகும் நாலு வருஷம் உள்ளேயே இருந்திருக்கிறார் என்று தேதிதான் காட்டிக்கொடுக்கும். அதனால் சேர்ந்த தேதியைவிட விலகிய தேதியைத்தான் நான் முதலில் தேடுவேன்.

அப்புறம், கோர்ட் வார்த்தைகள். கைது, வழக்கு, குற்றப்பத்திரிகை, தண்டனை நான்கும் நம் பேச்சில் ஒன்றாகிவிட்டன. வைகோ 2002-இல் திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காகப் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி, 19 மாதம் சிறையில் இருந்தார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றது. ஆனால் பயங்கரவாதத்தை வளர்க்கும் நோக்கம் இல்லாமல் வெறும் தார்மிக ஆதரவைச் சொல்வது மட்டும் அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்றும் விளக்கியது. அந்த 19 மாதத்தைத் தண்டனை என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது விசாரணைக் காவல்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2009-இல் பேசிய வேறொரு பேச்சுக்காக 2019 ஜூலையில் அவருக்குத் தேசத்துரோகப் பிரிவில் ஓராண்டுச் சிறைத் தண்டனை நிஜமாகவே விதிக்கப்பட்டது. அதே மாதம் மாநிலங்களவைக்குத் தேர்வானார். "தண்டனை பெற்றவர் எப்படி எம்.பி. ஆகலாம்" என்று டீக்கடைகளில் கொதித்தார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு பொதுவாக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவரைத்தான் தகுதி நீக்கும். சில குற்றங்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் இருக்கிறது. அதில் அபராதம் மட்டும் விழுந்தாலே ஆறு ஆண்டுக்கு நிற்க முடியாது. தடை செய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராக இருந்த குற்றம் அந்தப் பட்டியலில் உண்டு. தேசத்துரோகப் பிரிவு அதில் இல்லை. இது சரியா தவறா என்பது வேறு விவாதம்.

உறுப்பினராக இருப்பதே குற்றமா என்பதிலும் பழைய செய்தியை வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் அதிகம். வன்முறையில் ஈடுபடாத வெறும் உறுப்பினர் குற்றவாளி ஆக மாட்டார் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, தடை செய்யப்பட்ட அமைப்பில் தொடர்ந்து உறுப்பினராக இருப்பதே குற்றம் என்றது.

வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம், தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. நிலுவை வழக்குகளும் தண்டனைகளும் அதில் இருக்க வேண்டும். 2018-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு வேட்பாளர் அவற்றைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய வேண்டும். பார்க்காமல் பேசுவது ஒரு தவறு. பார்த்துவிட்டு, "அதில் ஒன்றுமே இல்லை, சுத்தமான ஆள்" என்பது இன்னொரு தவறு. எந்த அமைப்பில் இருந்தீர்கள் என்ற கேள்வியே அந்தப் படிவத்தில் கிடையாது.

சரி, படங்களுக்கு வருவோம். அப்பச்சி காலத்திலிருந்து எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலேசியச் செய்தி என்றால் காது நீளும். 2019 அக்டோபரில் அங்கே புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைக் கைது செய்தார்கள். அதில் இரண்டு பேர் ஆளுங்கூட்டணியின் தமிழ்ச் சட்டமன்ற உறுப்பினர்கள். 2020 பிப்ரவரியில் தலைமைச் சட்ட அதிகாரியே வழக்குகளைக் கைவிட்டார். பெரும்பகுதி ஆதாரம் கைப்பேசியிலும் முகநூலிலும் இருந்த பிரபாகரன் படங்கள். ஒருவரைப் போற்றுவது பயங்கரவாதம் ஆகாது என்பது அவர் வாதம். நம்மூர் ஃபிளெக்ஸ் பேனர்களை அந்தக் கணக்கில் பார்த்தால் பாதி மாவட்டம் உள்ளே இருக்க வேண்டியிருக்கும்.

படமாவது எடுத்தால்தான் உண்டு. காகிதத்தை உட்கார்ந்தே தயாரித்துவிடலாம். பிரேசிலின் டில்மா ரூசெஃப் இளம் வயதில் ராணுவ ஆட்சிக்கு எதிரான ஆயுதக் குழுவில் இருந்தவர். 1970-இல் பிடிபட்டுச் சிறையும் சித்திரவதையும் அனுபவித்தார். அதை அவர் மறைக்கவில்லை. அவர் அதிபர் தேர்தலுக்குத் தயாரான 2009-இல் ஒரு பெரிய நாளிதழ் அவருடைய பழைய "போலீஸ் ஆவணம்" என்று ஒன்றை வெளியிட்டது. பிறகு, அது மின்னஞ்சலில் வந்தது, உண்மையா என்று உறுதி செய்ய முடியவில்லை என்று அந்த நாளிதழே ஒப்புக்கொண்டது. ஆவணம் எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று கேட்காத தவறைப் பெரிய பத்திரிகையே செய்திருக்கிறது.

எனக்கு மிகப் பெரிதாகப் படும் தவறு வேறு. தொடர்பைத் தோண்டுவதிலேயே எல்லா நேரமும் போய்விடுகிறது. கேள்வி கேட்டபோது அந்த ஆள் என்ன பதில் சொன்னார் என்பதை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

ஐ.நா. பொதுச் செயலாளராகப் பத்து ஆண்டு இருந்த குர்ட் வால்ட்ஹைம், 1941-இல் காயம்பட்டுத் திரும்பி வியன்னாவில் சட்டம் படித்ததாகவே தன் கதையைச் சொல்லிவந்தார். 1986-இல் ஆஸ்திரிய அதிபர் தேர்தலில் நின்றபோது, அவர் திரும்பவும் ஜெர்மன் ராணுவத்தில் பால்கன் பகுதியில் பணியாற்றியது வெளியே வந்தது. தேர்தலில் ஜெயித்தார். மறு வருஷமே அமெரிக்கா அவருக்குக் கதவை மூடியது. 1988-இல் வரலாற்றாசிரியர்கள் குழு ஆராய்ந்து, அவர் நேரடியாகக் குற்றம் செய்ததற்குச் சான்று இல்லை, ஆனால் நடந்தவை அவருக்குத் தெரிந்திருந்தது என்றது. அதாவது அவர் பெயரைக் கெடுத்தது எழுதாமல் விட்ட பக்கம்தான்.

வட அயர்லாந்தின் மார்ட்டின் மெக்கின்னஸ் வேறு ரகம். 1972-இல் டெர்ரி நகரில் ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவின் இரண்டாம் நிலைத் தலைவராக இருந்ததை 2001-இல் அமைச்சராக இருக்கும்போதே ஒப்புக்கொண்டார். 1974-இல் விலகிவிட்டேன் என்றார். அதைப் பலர் நம்பவில்லை. 2011-இல் அயர்லாந்து அதிபர் தேர்தலில் நின்றபோது, கொல்லப்பட்ட ஒரு ராணுவ வீரரின் மகன் தந்தையின் படத்தோடு நேரில் வழிமறித்துக் கேட்டார். பாதி உண்மையும் ஓர் அளவுக்குத்தான் தாங்கும். ஆனாலும் 2007 முதல் கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் பழைய எதிரிகளோடு ஒரே அரசில் உட்கார்ந்திருந்ததும் அவர் கணக்கில் வரவாக எழுத வேண்டியதே.

நான் பார்ப்பது இதைத்தான்: மாட்டுவதற்கு முன் சொன்னாரா, மாட்டிய பின் சொன்னாரா? "அப்படிச் சில நடந்தன" என்கிறாரா, "நான் செய்தேன்" என்கிறாரா? சிவகங்கைக் கூட்டத்தில் ஒன்றும் சென்னைப் பேட்டியில் ஒன்றும் சொல்கிறாரா?

நம் கட்சிக்காரர் என்றால் "இளமைத் துடிப்பு", எதிர்க்கட்சிக்காரர் என்றால் "தீவிரவாதி" என்று எழுதும் பழக்கத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்கிறோம். பரப்புகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: பொய்யாக ஒருவர் பெயரைக் கெடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தின் 356-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை இருக்கிறது. "எனக்கு வந்ததை அனுப்பினேன்" என்பது அங்கே நிற்காது.

அந்தப் படத்தைச் சொல்லி முடிக்கவில்லையே. மகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேடைப் பேனரின் ஓரத்தில் வருஷம் இருந்தது. தடைக்கு நாலு வருஷம் முந்தியது. சித்தப்பா "அப்ப சரி" என்று எழுதிவிட்டுப் படத்தை அழித்துவிட்டார். அவள் தன் போனில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த மேடையில் அன்றைக்கு அவர் என்ன பேசினார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.