சார்ல்ஸ்டன் சுத்திப் பாக்கப் போறவங்க வழக்கமா பண்ற தப்புங்க

சார்லட், அட்லாண்டா பக்கம் இருக்க நம்ம ஆளுங்க லாங் வீக்எண்ட் வந்தாலே சவுத் கரோலினால இருக்க சார்ல்ஸ்டன் போலாமான்னு கேக்குறாங்க. தாராளமா போலாம், ஆனா முக்கால்வாசி பேர் கலர் கலரா இருக்க வீட்டு முன்னாடி போட்டோ, குதிரை வண்டில ஒரு ரவுண்டு, அப்புறம் பீச்சுன்னு முடிச்சிட்டு வந்துடுறாங்க. 1670ல ஆரம்பிச்ச ஊர், அத யார் கட்டினாங்கன்னு தெரிஞ்சுக்காம திரும்பி வர்றது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

பெரிய தப்புலேர்ந்து ஆரம்பிக்கிறேன். சிட்டி மார்க்கெட்ட காட்டி "இங்கதான் அடிமைகள வித்தாங்க"ன்னு பிள்ளைங்களுக்கு சொல்றவங்க நிறைய பேர். அது கறி, மீன், காய்கறி வித்த சந்தைங்க. மனுஷங்கள ஏலம் போட்டது எக்ஸ்சேஞ்ச் பில்டிங்னு ஒரு பழைய வியாபாரக் கட்டிடம், அது பக்கத்துல, நடுத்தெருவுல, எல்லாரும் பாக்க. 1856ல தெருவுல விக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தப்புறமும் விக்கிறது நிக்கல, சால்மர்ஸ் ஸ்ட்ரீட் மாதிரி தெருவுல சுவருக்கு உள்ள தள்ளிப் போச்சு. அந்த எடத்துல ஒண்ணு இப்போ ஓல்ட் ஸ்லேவ் மார்ட் மியூசியம், மார்க்கெட்லேர்ந்து நடந்தே போயிடலாம், சின்ன எடம்தான், ஆனா அவசரமா பாத்துட்டு வராதீங்க.

அதே மாதிரி தவற விடக்கூடாத எடம் கேட்ஸ்டன்ஸ் வார்ஃப், கப்பல்லேர்ந்து ஆளுங்கள எறக்கின துறை. வட அமெரிக்காவுக்கு அடிமையா கொண்டுவந்த ஆப்பிரிக்கர்கள்ல சுமார் 40 சதவீதம் பேர் இந்த ஊர் துறைமுகம் வழியாதான் வந்தாங்கன்னு கணக்கு சொல்றாங்க, அதுல பெரும் பங்கு எறங்கின அந்த துறை இருந்த எடத்துலதான் 2023ல இன்டர்நேஷனல் ஆப்பிரிக்கன் அமெரிக்கன் மியூசியம் தொறந்தாங்க. கட்டிடத்தையே தூண் மேல தூக்கி நிறுத்தி, கீழ இருக்க எடத்த நினைவுத் தோட்டமா விட்டிருக்காங்க. டிக்கெட்ட முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க.

அடுத்தது கூடைக்கு பேரம் பேசறது, இத தயவு செஞ்சு பண்ணாதீங்க. மார்க்கெட்லயும் மவுண்ட் ப்ளெசன்ட் போற ஹைவே 17 ஓரத்துலயும் கல்லா கீச்சி (Gullah Geechee, அடிமையா வந்த ஆப்பிரிக்கர்களோட வம்சாவளி) இனத்து அம்மாக்கள் உக்காந்து ஸ்வீட்கிராஸ் கூடை பின்னிட்டு இருப்பாங்க, சின்ன கூடையே வெல அதிகமா இருக்கும், ஒரு புல்லுக் கூடைக்கா இவ்ளோன்னு நம்ம ஆளுங்க கேட்டே விடுறாங்க. அந்தப் புல்ல சுருட்டி பல்மெட்டோங்கற பனை மாதிரி மரத்தோட ஓலையால இழுத்து இழுத்து தைக்கணும், பெரிய கூடைன்னா மாசக்கணக்குல ஆகும், கடற்கரை முழுக்க வீடு கட்டி வேலி போட்டுட்டதால புல்லு கெடைக்கிறதே கஷ்டம்.

அதவிட முக்கியம் அந்தக் கூடை எங்கேர்ந்து வந்துச்சுங்கறது. இந்த ஊர் பணக்கார ஊரானதே நெல்லாலதான், கரோலினா கோல்ட்னு ஒரு ரகம். சதுப்புக் காட்ட வெட்டி, கரை போட்டு, கடல் ஏத்தத்துல ஆத்துத் தண்ணி மேல வர்ற நேரம் பாத்து மதகு தொறந்து வயலுக்கு பாய்ச்சினாங்க, அத்தனையும் அடிமைங்க உழைப்பு. மேற்கு ஆப்பிரிக்கால நெல்லு வெளையிற பகுதியிலேர்ந்து வந்தவங்க அதுல நிறைய பேர், அவங்களுக்கு நெல்லப் பத்தி நல்லாவே தெரியும். அவங்க பின்னின அகலக் கூடைலதான் நெல்லு புடைச்சாங்க, நம்ம வீட்டு முறம் பண்ற அதே வேலை. நெல்லு வெளையிற ஊர்லேர்ந்து வந்த நாமளே அந்தக் கூடைக்கு வெல கொறைச்சு கேக்கக்கூடாது.

ரெயின்போ ரோ, அதான் அந்தக் கலர் வீட்டு வரிசை, அதப் பத்தி குதிரை வண்டிக்காரங்க சொல்ற கதையெல்லாம் நம்பிடாதீங்க. குடிச்சிட்டு வர்ற மாலுமிக்கு வீடு அடையாளம் தெரியத்தான் கலர் அடிச்சாங்கன்னு சொல்வாங்க, அந்த 13 வீடும் 1700கள்லேர்ந்து வியாபாரிங்க கீழ கடை மேல வீடுன்னு வச்சிருந்தது, அப்புறம் பாழடைஞ்சு கெடந்துச்சு, 1931 வாக்குல டோரத்தி லெக்னு ஒரு அம்மா தான் வாங்கின வீட்டுக்கு பிங்க் அடிச்சாங்க, பாத்து மத்தவங்களும் ஆரம்பிச்சாங்க. அதே வருஷம்தான் பழைய வீடுங்க இருக்க பகுதிய காப்பாத்த நகரம் சட்டம் போட்டுச்சு, அமெரிக்காலயே இதுல முன்னோடி சார்ல்ஸ்டன்தான்.

பழைய கட்டிடங்க சுவத்துல வட்டமா இரும்புத் தட்டு தெரியும், அலங்காரம்னு நெனச்சு கடந்து போயிடாதீங்க, 1886 ஆகஸ்ட் 31 ராத்திரி வந்த பெரிய பூகம்பத்துக்கு அப்புறம் சுவர இழுத்துப் புடிக்க உள்ள கம்பி விட்டு மாட்டினது. செங்கல்லயும் கண்ண வைங்க, சிலதுல விரல் தடம் பதிஞ்சிருக்கும், காயாத கல்ல தூக்கி வச்ச அடிமைங்களோட விரல், அதுல குழந்தைங்களும் உண்டு. மாளிகை பாக்கறதுன்னா ஏக்கன்-ரெட் ஹவுஸ் (Aiken-Rhett) போங்க, புதுசு பண்ணாம வச்சிருக்காங்க, ஆனா முன் ஹாலோட நிறுத்திடாதீங்க, பின்கட்டுல சமையல்கட்டு, லாயம், அதுக்கு மேல அடிமைங்க படுத்த ரூமெல்லாம் அப்படியே இருக்கு, அங்கதான் அதிக நேரம் செலவழிக்கணும்.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். குதிரை வண்டி எந்தத் தெரு வழியா போகும்னு குலுக்கல்லதான் முடிவாகும், நாம கேட்டா மாத்த முடியாது. ஃபோர்ட் சம்டர், 1861ல உள்நாட்டுப் போரோட முதல் குண்டு பாஞ்ச கோட்டை, தீவுல இருக்கு, படகுல மட்டும்தான் போக முடியும், கார் எடுத்துட்டு தேடாதீங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி கடல் ஏத்த நேரத்த கண்டிப்பா பாருங்க. பழைய ஓடைங்கள தூத்து கட்டின ஊர், மார்க்கெட் ஸ்ட்ரீட்டே ஒரு காலத்துல ஓடைதான், மழையே இல்லாம வெயில் அடிக்கிற அன்னிக்கும் கடல் ஏறினா தெருவுல தண்ணி நிக்கும், அது உப்புத் தண்ணி, காரோட அடிப்பாகம் துருப்புடிச்சிடும், ஓட்டிட்டுப் போகாதீங்க.

சைவம் சாப்பிடறவங்க ரெட் ரைஸ் சாதம்தானேன்னு ஆர்டர் பண்ணிடாதீங்க, பன்னிக்கறி போட்டுதான் பெரும்பாலும் செய்வாங்க, கீரையும் அப்படித்தான், கேட்டுட்டு வாங்குங்க. ரோட்டோரத்துல விக்கிற அவிச்ச வேர்க்கடலைக்கு பெரும்பாலும் அந்தக் கவலை கெடையாது, ஆனா கறி எலும்பு போட்டு வேக வச்சதும் சில எடத்துல விப்பாங்க, சாதா உப்புக் கடலைன்னு சொல்லி கேளுங்க.