பங்கிலிருந்து இத்தாலிக்குத் திருப்பயணம்: ஏற்பாடு செய்வோர் கவனத்துக்கு

உரோமை, அசிசி, பதுவை என்று ஊர்ப் பெயர்களை எழுதிவிட்டு நேராக விமானக் கட்டணம் விசாரிக்கப் போய்விடுகிறோம். முதலில் முடிவாக வேண்டியது திருப்பலி. எந்த நாள், எந்த ஆலயத்தில், எத்தனை மணிக்கு என்று எழுத்தில் உறுதி வந்த பிறகு பேருந்து, சாப்பாடு, வழிகாட்டி எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்குங்கள். இப்படிச் செய்யாத குழுவில் நாலாம் நாள், "சாமி, இன்னைக்குப் பூசையை ஓட்டல்லயே வச்சிக்கலாமா?" என்ற கேள்வி தவறாமல் வரும். இவ்வளவு தூரம் போய் ஓட்டல் சாப்பாட்டறையில் பூசை காண்பது பெரிய இழப்பு.

மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு திருத்தலத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதி, ஆட்களின் எண்ணிக்கை, மொழி, குருவின் பெயர் இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். உடன் வரும் குரு தம் ஆயரிடமிருந்து "செலபிரெட்" எனப்படும் சான்றுக் கடிதத்தை வாங்கி வைத்திருக்க வேண்டும். சாக்ரிஸ்தியில் (குரு திருவுடை அணியும் அறையில்) அதைக் கேட்பார்கள், இல்லையென்றால் பீடம் ஏற விடாமல் போகலாம். உங்களுக்குத் தரும் நேரம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அடுத்த குழு கதவருகே நிற்கும். மறையுரை ஐந்து நிமிடம், பாட்டு மூன்று என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அப்பமும் இரசமும் அங்கே கிடைக்கும், தமிழ்த் திருப்பலி நூல் கிடைக்காது. அதையும், அந்தந்த நாள் வாசகங்களையும் பாடல்களையும் சேர்த்து அச்சிட்ட சிறு கையேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

எந்த வழி

உரோமையில் இறங்கி வெனிசில் விமானம் ஏறும்படி டிக்கெட் போடுங்கள். பதுவையிலிருந்து உரோமைக்குத் திரும்புவது ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஒரு முழு நாள் வீணாகும். பத்து நாளில் நிதானமாகச் செய்யக்கூடியது இது: உரோமை நான்கு இரவு, பாதர் பியோவின் சான் ஜொவான்னி ரொத்தோந்தோ ஒரு இரவு, அசிசி இரண்டு இரவு, பதுவை இரண்டு இரவு. உரோமையிலிருந்து பாதர் பியோவிடம் போகும் வழியில் லாஞ்சானோ நற்கருணை அற்புதத் தலம் வரும். பாதர் பியோவிடமிருந்து அசிசிக்குத் திரும்பும்போது, மாதாவின் வீடு இருக்கும் லொரேத்தோ.

லாஞ்சானோவிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஓர்த்தோனா என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. பெரும்பாலான பயணத் திட்டங்களில் இந்தப் பெயரே இருக்காது. புனித தோமையாரின் திருப்பண்டங்கள் 1258 முதல் அங்குள்ள பேராலயத்தில் இருக்கின்றன. மயிலாப்பூரையும் பரங்கிமலையையும் அறிந்தவர்கள் அவ்வளவு பக்கத்தில் போய்விட்டு அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. ஏஜென்ட் மறந்திருந்தால் நீங்களே கேட்டு வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை: சிறு ஊர்களில் ஆலயங்களை மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்திவிட்டு மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார்கள். உரோமையை விட்டுக் காலை ஏழுக்குள் கிளம்பினால்தான் லாஞ்சானோவைத் திறந்திருக்கும் நேரத்தில் பிடிக்கலாம்.

விசாவும் பெயரும்

இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு என்று விதி சொன்னாலும், குழுவாகப் போகிறவர்கள் இரண்டு, மூன்று மாதம் இருக்கும்போதே நேரம் வாங்கிவிட வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும், பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

நம் ஊரில் அடிக்கடி சிக்குவது பெயர்தான். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் இன்னொரு விதம். டிக்கெட், காப்பீடு, விசா விண்ணப்பம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே இருக்கின்றனவா என்று ஒருவர் உட்கார்ந்து எல்லாருடையதையும் சரிபார்க்க வேண்டும். ஏஜென்ட் பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள்.

ஓட்டுநரின் மணிக்கணக்கு

ஐரோப்பாவில் பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் ஓட்டுவது ஒன்பது மணி நேரம், இரண்டு நாளுக்கு நடுவே ஓய்வு 11 மணி நேரம் என்பது பொது விதி. வண்டியில் உள்ள கருவி எல்லாவற்றையும் பதிவு செய்துவிடும், அதனால் கெஞ்சிப் பயனில்லை. இரவு பத்து மணிக்கு உங்களை ஓட்டலில் இறக்கிவிட்டவர் மறுநாள் காலை ஒன்பதுக்கு முன் வண்டியை எடுக்க மாட்டார். "ராத்திரி ஒரு சுற்று ஊர் பார்க்கலாம்" என்ற ஆசைக்கு மறுநாள் திருப்பலிதான் விலையாகும்.

உரோமை

புதன்கிழமை உரோமையில் இருக்கும்படி தேதி பாருங்கள். அன்றுதான் வத்திக்கானில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு; ஜூலையில் வழக்கமாக இருக்காது. அனுமதிச் சீட்டு இலவசம், யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும் என்பதால் ஏழு, ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். சந்திப்பின் முடிவில் தரும் ஆசீரில் கையிலுள்ள செபமாலைகளும் மந்திரிக்கப்படும். வீட்டாருக்கு வாங்கியவற்றை ஓட்டலில் விட்டுவிட்டு வருவோர் பலர், முந்தின இரவே நினைவூட்டுங்கள். அன்று காலை தூய பேதுரு பேராலயத்துக்குள் விடமாட்டார்கள். புனித கலிஸ்துவின் சுரங்கக் கல்லறைக்கும் புதன்தான் விடுமுறை. ஆகவே பேராலயத்தை வேறொரு நாள் அதிகாலைக்கு ஒதுக்கிவிட்டு, புதன் பிற்பகலில் இலாத்தரன் பேராலயத்துக்குப் போங்கள்.

இலாத்தரனுக்கு எதிரே, பிலாத்துவின் அரண்மனையில் இயேசு ஏறியதாக நம்பப்படும் திருப்படிகள். 28 படி, முழங்காலில் மட்டுமே ஏற வேண்டும். பளிங்குப் படிகளின் மேல் மரப்பலகை போர்த்தியிருக்கிறது. முதல் ஐந்தாறு படி எளிதாகத் தோன்றும், அதன்பின் முட்டி சொல்லிவிடும். நடுவில் நிறுத்தித் திரும்பி இறங்குவது பின்னால் வருவோருக்குச் சிரமம். மூட்டு வலி உள்ளவர்களை முதலிலேயே பக்கத்துப் படிக்கட்டு வழியாக நடந்து ஏறச் சொல்லுங்கள்.

நான்கு பெரும் பேராலயங்களுக்கும் மெட்ரோவிலேயே போகலாம்: ஒத்தவியானோ நிறுத்தத்தில் பேதுரு, சான் ஜொவான்னியில் இலாத்தரன், பசிலிக்கா சான் பவுலோவில் பவுல், மரியா மேஜர் பேராலயம் தெர்மினி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். திருத்தந்தை பிரான்சிஸின் கல்லறை மரியா மேஜரில் இருக்கிறது. மெட்ரோவிலும் தெர்மினியிலும் ஜேப்படி அதிகம், பாஸ்போர்ட்டைத் தோள்பையில் வைக்கக் கூடாது. எல்லாப் பேராலயங்களிலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலைக்கும் வேட்டிக்கும் தடையில்லை.

அசிசியும் பதுவையும்

அசிசி மலைச்சரிவில் இருக்கிறது, சுற்றுலாப் பேருந்து மதிலுக்குள் போகாது. கீழிருந்து ஏறினால் முதியவர்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். மேலே மத்தேயோத்தி சதுக்கத்தருகே இறங்கி, புனித பிரான்சிசும் கிளாராவும் திருமுழுக்குப் பெற்ற சான் ருஃபினோ, அடுத்து புனித கிளாரா பேராலயம், கடைசியாக பிரான்சிசின் கல்லறை என்று பெரும்பாலும் இறக்கத்திலேயே வந்தால் எல்லாரும் நடந்துவிடுவார்கள். கிளாரா பேராலயத்தில் இருப்பது பிரான்சிசிடம் பேசிய சான் தமியானோ சிலுவை. அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டு நகர விடாதீர்கள், பதினைந்து நிமிடம் அமைதியாக உட்கார வையுங்கள். 2025-இல் புனிதரான இளைஞர் கார்லோ அகுத்திஸின் கல்லறையும் இந்த ஊரில்தான், இளையோர் கட்டாயம் கேட்பார்கள்.

பதுவையில் அந்தோணியாரின் கல்லறைக் கல்லில் கை வைத்துச் செபிக்க வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், உள்ளே நின்று செப விண்ணப்பம் எழுத நேரம் கிடைக்காது. ஊரிலிருந்து வரும் விண்ணப்பங்களை முன்பே ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். பீடத்துக்குப் பின்னாலுள்ள திருப்பண்டச் சிற்றாலயத்தில் அவருடைய அழியாத நாவு இருக்கிறது. கல்லறையோடு திரும்பிவிடும் குழுக்கள் அதைத் தவறவிடுகின்றன. வெனிஸ் விமான நிலையம் இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள். இருந்தாலும் விமானத்துக்கு நான்கு மணி நேரம் இருக்கும்போதே பதுவையை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒன்று மட்டும். பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போகலாம். இறைச்சி, நெய், பால்கோவா போன்றவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. சுங்கத்தில் பறிமுதல் ஆகும், அபராதமும் வரலாம். பெட்டி கட்டும் முன்பே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.