ரோமமில்லாத கினிப்பன்றி சொறிந்துகொண்டே இருக்கிறதா? காரணம் தேடும்போது செய்யக் கூடாதவை

ரோமம் உள்ள கினிப்பன்றிக்குத் தோலில் கோளாறு வந்தால் முடி கொட்டும். எந்த இடத்தில் கொட்டுகிறது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இரண்டு விலாவிலும் ஒரே அளவில் கொட்டி, அரிப்பும் இல்லை என்றால் பெண்ணுக்குச் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூக்கையும் கண்ணையும் சுற்றிக் கொட்டினால் படர்தாமரை என்று சந்தேகப்படுவார்கள். ரோமமில்லாத கினிப்பன்றிகளில் ஸ்கின்னி பிக், பால்ட்வின் என்று இரண்டு வகை உண்டு. ஸ்கின்னி பிக்குக்கு மூக்கிலும் பாதத்திலும்தான் கொஞ்சம் முடி. பால்ட்வின் முடியோடு பிறந்து, வளரும்போதே மொட்டையாகிவிடும். ஆகவே இவற்றில் அந்தத் துப்பு கிடைக்காது. அதற்குப் பதிலாகத் தோல் முழுக்கக் கண்ணெதிரே இருக்கிறது.

வளர்ப்பவர்களை ஏமாற்றுவதும் அதுதான். சிவப்பு, கீறல், செதில், பொருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிவதால் காரணமும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தெரிவது பெரும்பாலும் அது சொறிந்ததால் வந்த புண். எதற்காகச் சொறிந்தது என்பது தனிக் கேள்வி.

அவசரமாக எண்ணெய் தடவுவது

செதில் உதிர்ந்தால் உடனே "வறண்ட தோல்" என்று முடிவுகட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வறட்சி இல்லாத விஷயமல்ல. ரோமம் இல்லாத உடம்பு சீக்கிரம் குளிரும், அதனால் ஹீட்டர் போடுகிறோம், அது அறையின் காற்றை உலர்த்திவிடுகிறது. போதாக்குறைக்கு அடிக்கடி குளிப்பாட்டினால் தோலில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப்பசையும் போய்விடும். ஆனால் வெறும் வறட்சி என்றால் செதில் ஓரளவு சீராக, லேசாக இருக்கும். விலங்கு நன்றாகச் சாப்பிடும், எடை குறையாது, தொட்டால் அலறாது.

எண்ணெய் தடவியதும் செதில் படிந்து தோல் மினுமினுக்கும். இரண்டு நாளைக்கு எல்லாம் சரியானது போலவே இருக்கும். அடியில் வேறு காரணம் இருந்தால், அதற்கு அந்த நாட்களை நாமே தாரை வார்த்துக் கொடுத்தோம் என்று அர்த்தம். மருத்துவரிடம் போவதற்கு முன் எண்ணெய் தடவுவதாலும் குளிப்பாட்டுவதாலும் பூஞ்சைக் களிம்பு போடுவதாலும் சோதனைக்கு எடுக்க வேண்டிய செதிலும் பொருக்கும் கெட்டுப்போகும்.

மைட் (நுண்ணிய ஒட்டுண்ணி) இருக்க வாய்ப்பில்லை என்று ஒதுக்குவது

"முடியே இல்லை, பூச்சி எங்கே தங்கும்?" என்பார்கள். இதில் பாதி உண்மை. கினிப்பன்றியின் பேன்களும், கைரோடிஸ்காய்டஸ் என்ற ரோம மைட்டும் முடித்தண்டைப் பிடித்துக்கொண்டு வாழ்பவை. மொட்டை உடம்பு அவற்றுக்குத் தோதான இடமல்ல. ஆனால் ட்ரிக்ஸகாரஸ் கேவியே என்ற சொறி மைட்டுக்கு முடி தேவையில்லை. அது தோலைத் துளைத்து உள்ளேயே குடியிருக்கும், முட்டையிடும். கண்ணால் பார்க்க முடியாது. கினிப்பன்றிக்கு வரும் அரிப்புகளில் இதுதான் மிகக் கொடியது. தோள், முதுகு, உள்தொடை ஆகிய இடங்களில் தோல் தடித்து, மஞ்சள் கலந்த பொருக்குக் கட்டும். தூக்கத்திலிருந்து எழுந்து சொறியும். முற்றிப்போனால் அரிப்பு தாங்காமல் வலிப்பே வந்துவிடும். அதை நரம்புக் கோளாறு என்று நினைத்துத் தோலைப் பார்க்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து வரும் வாதம்: "புதிதாக எந்த விலங்கையும் கொண்டுவரவில்லையே!" இந்த மைட் நேரடித் தொடுகையில் பரவும், தாயிடமிருந்து குட்டிக்கும் போகும். பிறகு எந்த அறிகுறியும் காட்டாமல் கிடந்து, இடமாற்றம், வேறு நோய், சினை, சத்துக்குறைவு என உடம்பு தளரும்போது கிளம்பும். எனவே பல மாதமாகத் தனியாக இருக்கும் விலங்குக்கும் திடீரென்று வரலாம்.

தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால் மைட் இல்லை என்று எடுத்துக்கொள்வது இன்னொரு சறுக்கல். மைட் கண்ணில் பட்டால் அது உறுதி. படவில்லை என்றால், சுரண்டிய இடத்தில் சிக்கவில்லை என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. அதனால்தான் அறிகுறிகள் பொருந்திவந்தால், சோதனையில் கிடைக்காவிட்டாலும் அனுபவமுள்ள மருத்துவர்கள் மைட்டைக் கொல்லும் ஐவர்மெக்டின் அல்லது செலமெக்டின் மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மருந்துக்கு அரிப்பு அடங்கினால் அதுவே விடை. இதை "குத்துமதிப்பு வைத்தியம்" என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். காரணத்தைக் கண்டுபிடிக்க அதுவும் முறையான வழிதான்.

ஆனால் அந்தச் சோதனைச் சிகிச்சையை அரைகுறையாகச் செய்தால் விடையும் தப்பாகிவிடும். இந்த மருந்துகள் முட்டையை அழிப்பதில்லை. பொரித்து வருபவற்றைப் பிடிக்க, மருத்துவர் சொன்ன இடைவெளியில் மறுபடி கொடுக்க வேண்டும். ஒரு தவணையோடு நிறுத்திவிட்டு, "மருந்து கேட்கவில்லை, அப்போது மைட் இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கூட இருக்கும் மற்ற கினிப்பன்றிகள் சொறியாவிட்டாலும் அவற்றுக்கும் சேர்த்தே மருந்து. தூக்கி வைத்துக்கொள்பவரின் கையில் சிவப்புப் புள்ளிகளும் தற்காலிக அரிப்பும் வருவதுண்டு. அது நல்ல துப்பு, மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

படர்தாமரையை விளக்கடியில் தேடுவது

உட்ஸ் விளக்கில் (சில பூஞ்சைகளை ஒளிரச் செய்யும் புற ஊதா விளக்கு) ஒளிரவில்லை என்பதால் பூஞ்சை இல்லை என்று நினைக்க வேண்டாம். கினிப்பன்றிகளில் வழக்கமாகக் காணப்படும் ட்ரைக்கோஃபைட்டன் வகைப் பூஞ்சை அந்த விளக்கில் ஒளிர்வதே இல்லை. செதிலை எடுத்து வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைதான் நம்பகமானது, அதற்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். மனிதருக்கும் தொற்றும், குழந்தைகளுக்குச் சுலபமாக. முடிவு வரும்வரை கையுறை போட்டுத் தூக்குங்கள்.

இடத்தைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் மாற்றுவது

அரிப்பு என்றதும் படுக்கை, உலர்புல், பெல்லட் (குச்சித் தீவனம்), சோப்பு என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். குணமானாலும் எதனால் ஆனது என்று தெரியாமலே போய்விடும். முதலில் புண் எங்கே என்று பாருங்கள். வயிறும் பாதமும் மட்டும் சிவந்தால் கீழே இருப்பதன் மேல்தான் சந்தேகம்: ஈரமான படுக்கை, சிறுநீர், வாசனைச் சோப்பில் அலசிய ஃப்ளீஸ் துணி, சீடார் அல்லது பைன் மரச்சீவல். பின்புறத்தில் கோடு கோடாகக் கீறலோ பல் பதிந்த தடமோ இருந்தால், கூட இருப்பது சண்டை போடுகிறதா என்று கவனிக்க வேண்டும். உலர்புல்லின் தடித்த தண்டு குத்துவதும் ரோமமில்லாத தோலில் சின்னச் சின்னக் கீறலாகத் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அடிவயிற்றையே திரும்பத் திரும்பக் கடித்துக்கொண்டால் அது அரிப்பாகவே இல்லாமல் இருக்கலாம். சிறுநீர்ப்பைக் கல்லின் வலியும் அப்படிக் கடிக்கவைக்கும். சிறுநீரில் ரத்தமும், கழிக்கும்போது கீச்சிடுவதும் அதற்கு அடையாளம். பெண்ணின் காம்புகள் தடித்துப் பொருக்குக் கட்டியிருந்தால், முன்னே சொன்ன நீர்க்கட்டியை நினைவில் வையுங்கள்.

வைட்டமின் சி

நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலுக்கும் வைட்டமின் சி தயாரிக்கத் தெரியாது. உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் உணவிலிருந்து கிடைக்க வேண்டும். குறைந்தால் தோல் சொரசொரப்பாகும், புண் ஆறாது, மூட்டு வலிக்கும். ஆனால் கடும் அரிப்புக்கு இதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. பெல்லட் பழசானால் இந்தச் சத்து தேய்ந்துவிடும். தண்ணீரில் கலந்தாலும் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் அந்த வழியை நம்ப வேண்டாம்.

வீட்டு அலமாரியில் மருந்து தேடுவது

இது காரணத்தை மறைப்பதோடு உயிருக்கும் ஆபத்து. ஸ்டீராய்டு களிம்பு சிவப்பைத் தணித்துக் காட்டும், அடியில் பூஞ்சையும் மைட்டும் பெருகும். வாய்வழி அமாக்சிசிலின் குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்துக் கினிப்பன்றியைக் கொன்றேவிடும். நாய்க்கான பெர்மெத்ரின், ஃபிப்ரோனில் சொட்டுமருந்துகள், டீ ட்ரீ எண்ணெய் இவற்றையும் தொடாதீர்கள். கால்நடைக்கான ஐவர்மெக்டின் பேஸ்ட்டிலிருந்து ஒரு கிலோ எடையுள்ள உயிருக்கு அளவு பிரிப்பது நடக்காத காரியம்.

வலிப்பு வந்தாலும், அரை நாளாக எதுவும் தின்னாமல் இருந்தாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும், சாப்பிடாத கினிப்பன்றிக்குக் குடல் நின்றுவிடும். மற்றபடி கிராம் கணக்கில் எடை எடுத்துக் குறித்துக்கொண்டு, அது சொறிவதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, குளிப்பாட்டாமல், எதையும் தடவாமல், கூட இருப்பதையும் சேர்த்து, சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.