பிரசவத்துக்கு ஊருக்குப் போகும்போது நாம் செய்யும் தவறுகள்

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது இன்னும் மாறாத வழக்கம். ஒரு காலத்தில் அது பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரி. இன்றைக்குப் பெண் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறாள், அம்மா வீடு திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ இருக்கிறது. அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர், அதுவும் வயிறு நன்றாகத் தெரிகிற மாதத்தில்.

வண்டி குலுங்கினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் இருக்கும் பயம். கர்ப்பம் சிக்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தால் சாதாரணக் குலுக்கலால் குழந்தைக்கு எதுவும் ஆவதில்லை. முதல் மூன்று மாதங்களில் கலைந்துபோகும் கருக்களில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. பழி மட்டும் அன்றைக்கு ஏறிய ஆட்டோ மேல் விழுகிறது. உண்மையில் தொல்லை தருவது நாம் பயணத்தைச் சாக்காக வைத்து நிறுத்திவிடுகிற விஷயங்கள்: தண்ணீர், மாத்திரை, செக்கப், நேரத்துக்குச் சாப்பாடு.

மாதக் கணக்கில் தேதி குறிப்பது

வளைகாப்பை ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வைப்பார்கள். மருத்துவர் கணக்கு வேறு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரத்தை எண்ணுவார். ஏழாம் மாதம் என்பது அவர் கணக்கில் ஏறக்குறைய 27 முதல் 30 வாரம். ஒன்பதாம் மாதம் தொடங்கும்போதே 35 வாரம் ஆகியிருக்கும். அதன் பிறகு நல்ல நாள் பார்த்து, மண்டபம் கிடைத்து, விருந்து முடிந்து வண்டி ஏறினால் 37ஐத் தொட்டுவிடும். அப்போது எந்த நேரமும் வலி வரலாம்.

நெடுந்தூரப் பயணத்துக்கு 14 முதல் 28 வாரம் வரை உள்ள காலம்தான் வசதியானது. வாந்தி குறைந்திருக்கும், வயிறும் அவ்வளவு பாரமாக இருக்காது. என்னைக் கேட்டால், ஏழாம் மாத வளைகாப்பே பயணத்துக்குப் பொருந்திவரும். ஒன்பதில்தான் வைப்போம் என்று வீட்டில் உறுதியாக இருந்தால், பெண்ணை முன்கூட்டியே ஊருக்கு அழைத்துவந்து சடங்கை அங்கே வைத்துக்கொள்ளலாம். சம்பந்தி வீட்டார் பயணம் செய்யட்டுமே, அவர்களுக்கு வயிற்றில் பாரமில்லை.

தேதி குறிக்கும் முன் மருத்துவரிடம் "போகலாமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. இத்தனை கிலோமீட்டர், இன்ன வண்டி, போகும்போது இத்தனையாவது வாரம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழிறங்கி இருப்பவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், முன்பு குறைமாதத்தில் பிரசவித்தவர்கள், ரத்த அழுத்தம் ஏறி இருப்பவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோருக்குப் பதில் வேறாக இருக்கும். ரத்த வகை நெகட்டிவ் என்றால், 28ஆவது வாரத்தை ஒட்டிப் போடும் ஆன்டி-டி ஊசி பயணக் குழப்பத்தில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குடிக்காமல் போவது

கர்ப்பிணிகள் மட்டுமல்ல, நம் பெண்கள் பலரும் பஸ் ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆம்னி பஸ் நிற்கிற இடத்தில் கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது. நள்ளிரவில் நடுவழியில் நிறுத்தச் சொன்னால் டிரைவர் முகம் போகிற போக்கு தனி. அதனால் உதட்டை நனைத்துக்கொண்டு விடியும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பயணத்தில் நடக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்திருக்கும், வளரும் கர்ப்பப்பையும் அழுத்தும். சிறுநீர் தேங்குவது அப்போது இயல்பாகவே கூடுதல். நாம் வேறு தண்ணீரைக் குறைத்து, வருவதையும் அடக்கினால் கிருமித் தொற்றுக்கு வழி திறந்துவிடுகிறோம். அந்தத் தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் குளிர்காய்ச்சல் வரும், சிலருக்குக் குறைமாத வலியையே கிளப்பிவிடும். உடலில் நீர் வற்றினாலே வயிறு அடிக்கடி இறுகும். மலச்சிக்கல், தலைவலி எல்லாம் கூடவே வரும். காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கர்ப்பிணிகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் அது இன்னும் கூடும்.

ஆகவே கழிப்பறைப் பிரச்சினையை முதலில் தீர்த்துவிட்டுத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரயிலில் கழிப்பறை கூடவே வருகிறது. சுத்தம் முன்னே பின்னே இருந்தாலும் நினைத்த நேரத்துக்குப் போகலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இரவு பஸ்ஸைவிட ரயில் மேல். கார் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது என்று கிளம்பும்போதே பேசிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு மேல்மருவத்தூர், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை என்று வழியெல்லாம் ஓட்டல்களும் பெட்ரோல் பங்குகளும் இருக்கின்றன. டோல்கேட்டிலும் கழிப்பறை உண்டு. நிறுத்தும்போது ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஏறினால் காலுக்கும் நல்லது. சோப்புத் தாள், டிஷ்யூ, மாற்று உள்ளாடை, ஒரு பழைய செய்தித்தாள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். இந்தியன் டாய்லெட் என்றால் பிடித்து எழக் கம்பியோ குழாயோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஓடும் ரயிலில் தனியாகப் போகாமல், கதவு வரைக்குமாவது ஒருவர் கூட வரட்டும்.

சரி, எவ்வளவு குடிப்பது? சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிற அளவுக்கு. அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. ஒரே மூச்சில் அரை லிட்டர் குடித்துவிட்டு அவதிப்படாமல், அவ்வப்போது நான்கு வாய் குடித்துக்கொண்டே வரலாம்.

மாத்திரையில் இரண்டு விதத் தவறு

கடையில் கேட்டு வாங்கிப் போடுவது ஒன்று. வாந்திக்குக் கர்ப்ப காலத்தில் தரக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன; ஆனால் எது, எப்போது என்பதை உங்கள் மருத்துவர் சீட்டில் எழுதித் தரட்டும். இடுப்பு வலிக்கிறது என்று காம்பிஃபிளாம், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைப் போட்டுவிடாதீர்கள். காம்பிஃபிளாமில் இபுபுரூஃபென் இருக்கிறது. இந்த வகை மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு எடுத்தால் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம்.

போட வேண்டியதைப் போடாமல் விடுவது இரண்டாவது. பிரஷர், தைராய்டு மாத்திரைகளும் இன்சுலினும் "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று பெட்டியின் அடியில் போய்விடும். பெட்டி பஸ்ஸின் வயிற்றுக்குள் போய்விடும். இரண்டு நாள் மருந்து எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம், வாழைப்பழம், கொஞ்சம் வேர்க்கடலை போதும். வழியோரத்துச் சட்னியையும் வெட்டி வைத்த பழத்தையும் தவிர்த்துவிட்டால் பாதிக் கவலை தீரும். வெறும் வயிற்றோடு கிளம்பினால் வாந்தி வராது என்று பாட்டிமார் சொல்வார்கள். பலருக்குக் குமட்டல் அதனால்தான் கூடுகிறது.

ரயில், பஸ், கார், பைக்

ரயிலில் மூத்த குடிமக்களுக்கும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் ஒதுக்குகிற கீழ் பெர்த்துகள் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. ஸ்லீப்பரில் பெட்டிக்கு 6 அல்லது 7, மூன்றடுக்கு ஏசியில் 4 அல்லது 5. இது தெரியாமல் பலர் ஆன்லைனில் கிடைத்த மேல் பெர்த்தை எடுத்துவிட்டு, ஏறிய பிறகு எதிர் சீட்டுக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். மருத்துவர் சான்றிதழோடு முன்பதிவு கவுன்டருக்குப் போய்க் கேளுங்கள். குடும்பத்தில் எல்லோர் பெயரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் இந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகலாம், அதையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள். ஆர்ஏசியில் மட்டும் இரவுப் பயணம் வேண்டாம். ஒரு பக்கவாட்டு பெர்த்தில் இரண்டு பேர் உட்கார்ந்து போவது சும்மா இருப்பவருக்கே இடுப்பொடிகிற வேலை. ரயில் ஒரு நிமிடமே நிற்கிற சின்ன ஸ்டேஷனில் ஏறாமல், பக்கத்துப் பெரிய ஸ்டேஷனுக்குப் போய் நிதானமாக ஏறுங்கள். படுக்கும்போது ஒருக்களித்துப் படுங்கள். நடுவழியில் மருத்துவ உதவி வேண்டுமென்றால் ரயில்வே உதவி எண் 139ஐ அழையுங்கள்.

பஸ்தான் வழி என்றால், பின் சக்கரத்தின் மேல் வருகிற சீட்டில் தூக்கிப்போடும், நடுவில் கேளுங்கள். ஸ்லீப்பர் பஸ்ஸில் மேல் படுக்கைக்கு ஏணி பிடித்து ஏறுவது வேண்டவே வேண்டாம்.

காரில் நடக்கிற தவறு, சீட் பெல்ட் போடாமல் விடுவது. பெல்ட் வயிற்றை அழுத்திக் குழந்தைக்கு ஆகாது என்று சொல்லி, கணவரே கழற்றிவிடச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பெல்ட் இல்லாதவர் திடீர் பிரேக்கில் முன்னால் போய் மோதுவார். அந்த அடியில் நஞ்சு கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிட்டால் தாய், குழந்தை இரண்டு பேருக்கும் உயிராபத்து. கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல், தொடையை ஒட்டி வர வேண்டும். மேல் பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். வயிற்றின் மேல் எந்தப் பட்டையும் குறுக்கே வரக்கூடாது, இடையில் தலையணையும் வேண்டாம். முன் சீட்டில் உட்கார்ந்தால் சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். சின்ன மோதல்தான், வலி ஒன்றும் இல்லை என்றாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

வண்டி எடுக்கிறோம் என்றதும் அத்தை, சித்தப்பா, இரண்டு வாண்டுகள், சீர்த்தட்டு எல்லாம் ஏறிக்கொள்ளும். வளைகாப்புக்காரி நடு சீட்டில் நசுங்கிக்கொண்டு வருவாள். போதாததற்கு "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அப்படியே திருக்கருகாவூர் போயிட்டுப் போயிடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கர்ப்பரட்சாம்பிகை கோபித்துக்கொள்ள மாட்டாள், குழந்தை பிறந்த பிறகு போகலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி விடியலில் சேருகிற திட்டமும் வேண்டாம். டிரைவர் கண்ணயர்கிற நேரம் அதுதான்.

பைக்கில் ஆபத்து குலுக்கலைவிட விழுவதில். அதுவும் சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பிடிமானமே இல்லை. ஸ்டேஷன் வரை போகவும் ஆட்டோவோ காரோ பிடியுங்கள்.

விமானத்தில் போகலாம். ஏர்போர்ட்டில் நுழையும் மெட்டல் டிடெக்டரில் எக்ஸ்ரே கிடையாது, பயப்பட வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் 28 அல்லது 32 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சான்றிதழ் கேட்கும், 36 வாரம் தாண்டினால் பெரும்பாலும் ஏற்றாது. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு என்பதால் டிக்கெட் போடும் முன்பே பாருங்கள்.

வலி வந்தும் பயணத்தைத் தொடர்வது

"இன்னும் இரண்டு மணி நேரம்தானே, நம்ம டாக்டர்கிட்டயே போயிடலாம்." வழியில் அறிகுறி தெரிந்தால் சொல்லக்கூடாத வாக்கியம் இது. ரத்தக் கசிவு, நீர் உடைதல், விட்டுவிட்டு ஒரே சீராக வருகிற வலி, கடுமையான தலைவலியோடு கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைவது இவற்றில் எது வந்தாலும் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிதான் உங்கள் ஆஸ்பத்திரி. 108க்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணும் உண்டு. எந்த ஊரைத் தாண்டினோம், எந்த டோல்கேட் பக்கம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

ஃபைல் இல்லாமல் போய் இறங்குவது

கடைசி மாதத்தில் புதிய மருத்துவரிடம் வெறுங்கையோடு போனால் அவருக்கு எல்லாமே முதலிலிருந்துதான். ஸ்கேன் அறிக்கைகள், ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு முடிவுகள், போட்ட ஊசிகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், முன்பு சிசேரியன் என்றால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அப்படியே போனிலும் படம் எடுத்துவைத்து, கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்தவர்கள் பிக்மி எண்ணையும் (அரசு தரும் கர்ப்பப் பதிவு எண்) தாய் சேய் நல அட்டையையும் மறக்காதீர்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் அந்தப் பதிவோடு கட்டுப்பட்டது. கிளம்பும்போது இங்குள்ள சுகாதார செவிலியரிடமும், போய்ச் சேர்ந்ததும் அங்குள்ளவரிடமும் சொல்லிவிட்டால் பதிவு அறுபடாது.

ஊர் போய்ச் சேர்ந்த அன்றைக்குத் தூங்குங்கள். சொந்தக்காரர்கள் மறுநாள் வரட்டும். அந்த வாரத்துக்குள் பிரசவம் பார்க்கப்போகிற ஆஸ்பத்திரியில் ஒரு செக்கப். போகும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ராத்திரியில் சிசேரியன் செய்ய மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருப்பார்களா, ரத்தம் வேண்டுமென்றால் எங்கிருந்து வரும்.