சிகாகோவில் ஒரு பேட்டையைக் கதை, படம், ஆவணம் மூன்றிலும் தேடிப் பார்ப்பது எப்படி?

சிகாகோவின் கலை உலகத்தை ஒரே மூச்சில் பார்க்கப் போனால் எதுவும் மனதில் தங்காது. ஒரு பேட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பில்சனை வைத்துச் சொல்கிறேன். செக் குடியேறிகள் தங்கள் ஊர்ப் பெயரை வைத்த இடம். 1960-களிலிருந்து மெக்சிகோக்காரர்கள் பெருகிய இடம்.

படி 1: கதை. சாண்ட்ரா சிஸ்னெரோஸ் எழுதிய 'தி ஹவுஸ் ஆன் மாங்கோ ஸ்ட்ரீட்' (1984). களம் பில்சன் இல்லை, அவர் வளர்ந்த ஹம்போல்ட் பார்க் என்ற வேறொரு பேட்டையின் சாயல். பரவாயில்லை. வாடகை வீட்டுக் கூச்சமும் சொந்த வீட்டு ஆசையும் இரண்டு இடத்துக்கும் பொது. அத்தியாயங்கள் குட்டி குட்டியாக இருப்பதால் ரயிலிலேயே படிக்கலாம்.

படி 2: படம். லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கான சிகாகோ லத்தீனோ திரைப்பட விழா பெரும்பாலும் ஏப்ரலில் வரும். 1985-ல் 14 படங்களைக் கான்கிரீட் சுவரில் காட்டித் தொடங்கிய விழா இது. இயக்குநர் நேரில் வரும் காட்சிக்கே டிக்கெட் எடுங்கள். மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

படி 3: நடை. பிங்க் லைன் ரயிலில் 18-ஆம் தெரு நிலையம். சுவரோவியங்கள் அங்கேயே ஆரம்பித்துவிடும். மெக்சிகன் கலைக்கான தேசிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணமே இல்லை. அப்புறம் 1892-ல் கட்டிய தாலியா ஹால். செக் மக்களின் அரங்கம், இப்போது இசைக் கச்சேரிகள் நடக்கின்றன.

படி 4: ஆவணம். முழிக்க வைப்பது இதுதான். பழைய செய்தித்தாளில் கிடைத்த கதவு எண்ணை இன்றைய மேப்பில் போட்டால் சம்பந்தமே இல்லாத இடத்தைக் காட்டும். ஆவணத்தில் பிழை இல்லை. 1909-ல் நகரம் முழுக்கக் கதவு எண்களை மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் ஆற்றின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கணக்கு. அதன்பின் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் பூஜ்யம். பெரும்பாலும் மைலுக்கு 800 எண்கள். இரட்டைப்படை எண்கள் தெருவின் வடக்கிலும் மேற்கிலும்.

ஆகவே முதலில் ஆவணத்தின் ஆண்டைப் பாருங்கள். 1909-க்கு முந்தையது என்றால், பழைய எண்ணையும் புது எண்ணையும் அருகருகே அச்சிட்ட மாற்றுப் பட்டியல் இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கிறது. அதில் தெருப் பெயரையும் சரிபாருங்கள், ஏனென்றால் பல தெருக்களுக்குப் பெயரும் மாறியது. புது எண் கிடைத்ததும் சான்பார்ன் வரைபடத்துக்குப் போங்கள். தீக்காப்பீட்டுக்காக வரைந்தவை. இளஞ்சிவப்பு என்றால் செங்கல் கட்டடம், மஞ்சள் என்றால் மரவீடு. வண்ணப் பிரதியையே தேடுங்கள். கறுப்பு வெள்ளை நகலில் பாதி விஷயம் போய்விடும். நேரில் பார்க்க நியூபெரி நூலகம் இருக்கிறது, வாசகர் அட்டை இலவசம்.

பின்சேர்க்கை: பட்டியல்படி மாற்றியும் நகர மையமான லூப் பகுதி முகவரி பொருந்தவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே மட்டும் எண்கள் 1911-ல்தான் மாறின. அதற்குத் தனிப் பட்டியல் உண்டு, அதைப் பாருங்கள்.