திருகோணமலையின் பழைய மீன்பிடிக் கணக்கை இணையத்தில் தேடுவது எப்படி?

"திருகோணமலை மீன் உற்பத்தி 1965" என்று கூகுளில் போட்டுப் பயனில்லை. அந்த ஆண்டில் கணக்கெடுத்தது எந்தத் திணைக்களம், நாட்டுக்கும் மாகாணத்துக்கும் அப்போது என்ன பெயர் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

1972 மே 22க்கு முந்தியவற்றுக்கு, இலங்கையின் அன்றைய பெயரான 'சிலோன்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். கடற்றொழில் பணிப்பாளரின் நிருவாக அறிக்கைகள் அந்தப் பெயரில்தான் இருக்கும். 1988 முதல் 2006 வரை வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணம். 'கிழக்கு மாகாணம்' என்று தேடினால் அந்த ஆண்டுகளின் அறிக்கைகள் தப்பிவிடும், 'வடக்கு கிழக்கு' என்று போட வேண்டும்.

தேசிய மட்டத் தொகை போதுமென்றால் மத்திய வங்கியின் வருடாந்த அறிக்கை. வங்கி 1950இல் தொடங்கியது, அறிக்கையின் பின்னிணைப்பு அட்டவணைகளுக்கு நேரே போங்கள். மாவட்டக் கணக்குக்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், கடற்றொழில் அமைச்சு, நாரா (நீர்வாழ் உயிரின வளங்களுக்கான அரச ஆய்வு நிறுவனம்) ஆகியவற்றின் தளங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களின் இணைய நூலகமான 'நூலகம்' தளத்தையும் விட்டுவிடாதீர்கள்.

அரசாங்கத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய இணைப்புகள் செத்துப்போகும். கோப்பு போய்விட்டது என்று அத்துடன் விடவேண்டாம். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தளத்தின் முகவரியை இட்டு, முடிவில் ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் சேருங்கள். சேமிக்கப்பட்ட கோப்புகளின் பட்டியல் வரும், வடிகட்டும் பெட்டியில் பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பெரிய தளமென்றால் பட்டியல் பாதியில் நின்றுவிடும். அப்போது உட்கோப்புறையின் முகவரியைச் சேர்த்துக் குறுக்க வேண்டும்.

கோப்பு கைக்கு வந்தபிறகும் ஒரு சிக்கல் உண்டு. பழைய தமிழ் பிடிஎஃப்கள் பல பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. திரையில் 'மீன்பிடி' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், அதனால் யூனிகோடில் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆங்கிலப் பதிப்பில் தேடிப் பக்க எண்ணைப் பிடிப்பது சுலபம். ஸ்கேன் செய்தவற்றில் பொருளடக்கம்தான் துணை.

எண்களை ஒப்பிடுமுன் அலகைப் பாருங்கள். பழைய அறிக்கைகளில் மீன் அந்தரில் இருக்கும்: 1 அந்தர் 112 இறாத்தல், அதாவது 50.8 கிலோ. இன்று சந்தையில் 50 கிலோவையும் அந்தர் என்பதால் பலர் இதில் சறுக்குவார்கள். தலாவாரிக் கணக்கு (ஆளுக்கு எவ்வளவு என்று) போடுபவர்களுக்கு இன்னொன்று: 2001 குடிசன மதிப்பு திருகோணமலையில் முழுமையாக நடக்கவில்லை. 1981க்கு அடுத்த முழுக் கணக்கு 2012இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளின் சனத்தொகை எல்லாம் மதிப்பீடுகளே.

இவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) புள்ளிவிபரக் கிளை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். "பழைய மீன்பிடி விபரம்" என்று பொதுப்படக் கேட்டால் இழுபடும், அறிக்கையின் பெயர், ஆண்டு, அட்டவணை மூன்றையும் எழுதுங்கள்.